செங்கமலம் சொல்ல மறுத்த பெயர்

அவன் பெயர் கண்ணையன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. சேலியமேட்டில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவனைப் பெற்ற காசம்மாள் களத்துமேட்டில் நின்று குரல் கொடுத்தால் பாகூர் ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவன் வரைக்கும் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பெயரை வாயால் சொல்லாத ஒரே ஒருத்தி அவன் கட்டிய மனைவி செங்கமலம்தான்.

புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் எங்கள் பக்கத்தில் அப்போது தெருவுக்குத் தெரு இருந்தார்கள், அது ஒரு அதிசயமில்லை. ஆனால் செங்கமலம் அதிலும் ஒரு படி மேலே போனவள். கண் என்ற சொல்லையே அவள் விட்டுவிட்டாள். கண் வலித்தால் "முழி நோவுது" என்பாள். கண்ணாடியை "மூஞ்சி பாக்கறது" என்பாள். அவளோடு களை பறிக்கப் போகும் சின்னபொண்ணுவுக்கு இது பெரிய விளையாட்டு. தேங்காயைக் கையில் தூக்கிக் காட்டி, "இதும் தலையில மூணு இருக்குதே, அது இன்னாடி, சொல்லு பாக்கலாம்" என்று வம்புக்கு இழுப்பாள். செங்கமலம் கையில் அகப்பட்டதை எடுத்து எறிவாளே தவிர, அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டாள்.

அவள் இப்படி இறுகிப்போனதற்குக் காரணம் காசம்மாள். கல்யாணமாகி அரியூரிலிருந்து வந்த புதிதிலேயே மாமியார் அவளை அடுப்படியில் உட்கார வைத்து ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். காசம்மாளுடைய புருஷன் ஒரு நாள் சண்டை போட்டுக்கொண்டு வெளியே நடந்தாராம். ஆத்திரத்தில் இவள் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம். அவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாராம். அந்த வாரமே வரப்பில் பாம்பு கடித்துச் செத்துப்போனார்.

"நான் கூப்புட்டேன், அது போயிடுச்சு. நீ அந்தத் தப்பப் பண்ணாதடி" என்றாள் காசம்மாள். ஒரு பெண் தன் வாயாலேயே தன் புருஷனைக் கொன்றுவிட்டதாக நம்பி அத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறாள். அந்த நம்பிக்கையைச் சோற்றோடு சேர்த்து மருமகளுக்கும் பிசைந்து கொடுத்துவிட்டாள். காசம்மாள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் செங்கமலம் அவள் பேச்சைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

கல்யாணமான மூன்றாவது வருஷம் கண்ணையன் சைகோனுக்குக் கிளம்பினான். அப்போது பாகூர், வில்லியனூர் பக்கமெல்லாம் சைகோன் பேச்சுதான். அதுவும் பிரெஞ்சுக்காரன் ஆளுகிற சீமை, இதுவும் பிரெஞ்சுக்காரன் ஆளுகிற சீமை, பக்கத்து வீட்டுக்குப் போகிற மாதிரி போய்விடலாம் என்று போகாதவர்கள் சொல்வார்கள். போனவர்களைக் கேட்டால் தெரியும். பிறந்தது பிரெஞ்சு எல்லைக்குள்தான் என்பதற்குக் கொம்யூன் என்கிற ஊராட்சி அலுவலகத்தில் பதிந்த காகிதம் வேண்டும். அம்மை குத்திய தழும்பு வேண்டும். பொலீசில் வழக்கு எதுவும் இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே போய் இறங்கியதும் இன்ன இடத்தில் இன்ன வேலை இருக்கிறது என்று அங்கிருக்கும் முதலாளி கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். வேலை இல்லாதவன் போக முடியாது. போகாதவனுக்கு எவன் வேலை கொடுப்பான்? இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குள் கண்ணையனின் இரண்டு போகம் வீணாகப் போய்விட்டது.

கடைசியில் அவனுக்கு வழி செய்தவன் குருவிநத்தம் நடேசன். அவன் முன்பே சைகோனில் ஒரு சாமான் கிடங்கில் காவல் வேலையில் இருந்தான். அதே கிடங்கில் கண்ணையனுக்கும் இடம் பிடித்துக் காகிதம் அனுப்பினான். புதுச்சேரிக் கடல்பாலத்திலிருந்து சலங்குப் படகில் ஏறி, தூரத்தில் நின்ற கப்பலுக்குப் போனபோது கண்ணையன் மனைவியைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான்: "வூடு குடுக்கறாங்கன்னா ஒடனே ஒன்ன இட்டுக்கறேன்."

இட்டுக்கொள்வதற்கும் ஒரு விதி இருந்தது. காவல்காரன் தனியாக இருக்கும்வரை நாலு பேரோடு ஒரு கொட்டகையில் படுத்துக்கொள்ள வேண்டும். பெண்டாட்டியை அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வேலை நிரந்தரமாக வேண்டும், முதலாளி தனி அறை ஒதுக்க வேண்டும், அந்த அறைக்கு மனைவியின் பெயரைப் பதிய வேண்டும். கண்ணையன் அதற்காகப் பல வருஷம் கண் விழித்தான். அவன் எழுதும் கடிதங்களைச் செங்கமலத்துக்குப் படித்துக் காட்டியவர் என் அப்பா சுப்புராயன். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். கூடப் பிறக்காவிட்டாலும் அவளுக்கு அவர் அண்ணன்தான்.

அப்பா கடிதத்தைப் படித்து முடித்து மடிக்கப் போவார். செங்கமலம், "அண்ணே, கடைசி வரிய மட்டும் இன்னொரு தரம்" என்பாள். கடைசி வரியில் என்ன இருக்கும்? இப்படிக்கு, கண்ணையன் என்று இருக்கும். அப்பா அதைப் படிப்பார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்பாள். தன் வாயால் சொல்லக் கூடாத பெயரை அடுத்தவர் வாயிலிருந்து கேட்க அவ்வளவு ஆசை அவளுக்கு. 

உலகச் சண்டை தொடங்குவதற்கு மூன்று வருஷம் முன்னால் அந்தக் கடிதம் வந்தது. அறை கிடைத்துவிட்டது. அறைக்குச் செங்கமலம் என்று பெயர் பதிந்தாகிவிட்டது. முதலாளி எழுதிக் கொடுத்த காகிதமும் உள்ளேயே இருந்தது. ஊரில் கல்யாணத்தை ஏற்கெனவே கொம்யூனில் பதிந்திருந்தார்கள், அதற்கும் குறைவில்லை. அம்மை குத்தியாயிற்று. அரியூரிலிருந்து அவளுடைய அப்பா வீரப்பன் வந்து மகளுக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். காசம்மாள் எள்ளுருண்டை பிடித்து வைத்தாள். பிடித்துக்கொண்டே அழுதாள். மருமகளும் போய்விட்டால் மகன் இனிமேல் இந்தப் பக்கம் திரும்பமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மீதி இருந்தது ஒரே ஒரு சடங்கு. தனியாகக் கப்பல் ஏறும் பெண்ணைப் புதுச்சேரியில் ஒரு துரை நேரில் பார்த்து விசாரிப்பார். அவள் வாயாலேயே பெயர், ஊர், புருஷன் பெயர் எல்லாம் சொல்ல வேண்டும். உடன் வந்தவர்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அடுத்தவள் காகிதத்தில் வேறு பெண்களை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த தரகர்களைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. நல்லது செய்கிறேன் என்று வருகிறவர்களிடம்தான் ஏழைகள் வசமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்பா வண்டி கட்டினார். கடலோரத் தெருவில் ஒரு பெரிய கட்டடத்தில் அந்த அலுவலகம் இருந்தது. துரை மூக்குக் கண்ணாடி போட்ட, வயதான, சாந்தமான மனுஷர். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல அந்தோணிசாமி என்ற உள்ளூர்க்காரர் பக்கத்தில் நின்றார். அப்பாவைக் கதவோரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

"ஒன் பேரு இன்னாம்மா?"

"செங்கமலம்."

"அப்பா பேரு?"

"வீரப்பன்."

"ஊரு?"

"பொறந்தது அரியூருங்க. வாக்கப்பட்டது சேலியமேடு."

பதில்கள் கணீரென்று வந்தன. அப்பாவுக்குப் பெருமையாக இருந்ததாம். துரைகூடத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"புருஷன் பேரு?"

செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் என் அப்பாவுக்கு உறைத்தது. எத்தனை காகிதம் சேர்த்தார்கள், எத்தனை பேரிடம் யோசனை கேட்டார்கள்! இப்படி ஒரு கேள்வி வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இவளால் இதைச் சொல்ல முடியாதே என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. தினமும் பார்க்கிற ஒன்றை யார் யோசித்துப் பார்க்கிறார்கள்?

"சொல்லும்மா. புருஷன் பேரு இன்னா?" என்று அந்தோணிசாமி மறுபடி கேட்டார்.

"அண்ணனக் கேளுங்க" என்று அவள் கதவுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவன் பேரு..." என்று அப்பா வாயைத் திறந்தார். காவலுக்கு நின்றவன் அவர் தோளில் கை வைத்து அமுக்கிவிட்டான்.

"நீதாம்மா சொல்லணும். அவரு சொன்னா செல்லாது" என்றார் அந்தோணிசாமி. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள் அல்லவா? குரலைத் தாழ்த்தி, "இந்தாம்மா, இதுல ஒண்ணும் பாவம் இல்ல. ஒரே ஒரு தரம். சொல்லிட்டுப் போயி கப்பல் ஏறு" என்று கெஞ்சினார்.

செங்கமலம் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

துரை எழுந்து வந்துவிட்டார். குனிந்து அவள் கண்ணை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டார். "கண்ணுல நோவான்னு கேக்குறாரு" என்றார் அந்தோணிசாமி. அவள் இல்லையென்று தலையாட்டிவிட்டு, மறுபடியும் கண்ணைத் தொட்டு, மேலே பார்த்துக் கும்பிட்டாள். ஐயனுக்குக் கும்பிடு. ஊரில் சின்னபொண்ணுவிடம் காட்டியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

அந்தோணிசாமி துரையிடம் நெடுநேரம் பேசினார். எங்கள் பெண்களின் வழக்கத்தை எடுத்துச் சொல்லியிருப்பார். துரை பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் சொன்னதை அந்தோணிசாமி தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்.

"அவருக்கும் இந்த வழக்கம் தெரியுமாம். போன மாசம் வேற ஒருத்தி காகிதத்த எடுத்துக்கினு வந்த பொண்ணும் இப்பிடியேதான் கையக் கட்டிக்கினு நின்னுச்சாம். வழக்கம்னு சொல்லிச்சாம். பாவம்னு வுட்டுட்டாராம். அது எங்க போச்சுன்னே இன்னிய வரைக்கும் தெரியலியாம். அதுக்கும் ஒனக்கும் அவரு எப்பிடி வித்தியாசம் கண்டுபுடிப்பாருன்னு கேக்குறாரு."

இதற்கு என்ன பதில் சொல்வது? என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது. துரை கோபப்படவில்லை. காகிதங்களை எடுத்து வைத்துக்கொள்வதாகவும், அடுத்த மாதம் வந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த கப்பலில் போகலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

திரும்பும் வழியில் வண்டி அரியாங்குப்பம் தாண்டியது. பிறகு அவள், "அண்ணே, நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ல தங்கச்சி" என்றார் அப்பா. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாட்டை அவிழ்க்காமலே திட்டித் தீர்த்தார். துரையைத் திட்டினார், காசம்மாளைத் திட்டினார், பாம்பைத் திட்டினார். காசம்மாள் மருமகளுக்குச் சோறு போட்டாள். எள்ளுருண்டைப் பானையைத் திரும்பப் பரண்மேல் ஏற்றினாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது என்று என் அம்மா சொல்வாள். இருக்கலாம். நிம்மதிப்பட்டதற்காக அவளை நான் குறை சொல்லவும் மாட்டேன்.

நடந்ததை அப்பா கண்ணையனுக்கு எழுதினார். அதற்குப் பதில் வருவதற்குள் சின்னபொண்ணு ஒரு காரியத்தில் இறங்கினாள். இருவரும் கரும்பில் காய்ந்த சோகை உரிக்கப் போனபோது, கொல்லையின் நடுவில், நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கரும்பு நிற்கும் இடத்தில் அவளை நிறுத்தினாள்.

"இங்க யாரும் இல்ல. கரும்புக்குக் காது இல்ல. சொல்லுடி."

"மாட்டேன்."

"ஒம் புருஷன் பேரா நெனக்காத. வேற ஊருல ஒருத்தன் இருக்கான், அவனுக்கும் அதே பேருதான். அவனக் கூப்புடு."

"எவனோ ஒருத்தன நான் எதுக்குக் கூப்புடணும்?"

"ஒனக்கு சைகோனுக்குப் போவணுமா, வேணாமா?"

அந்தக் கேள்விக்குச் செங்கமலத்திடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அவள் முகம் வேர்த்து, சோகை அறுத்த கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வாயைத் திறந்தாள். "கண்ணை..." வரைக்கும் வந்துவிட்டாள். அங்கேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரத்தமே வந்துவிட்டது. ஆனாலும் சின்னபொண்ணு குதித்தாள். "பாதிக்கு மேல வந்துட்ட! நாளைக்கு மீதிய சொல்லிடுவடி!"

மறுநாள் செங்கமலம் சிரித்துக்கொண்டேதான் வேலைக்குப் போனாள். அடுத்த சில நாட்கள் அவள் உண்மையிலேயே பழகிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பார்ப்பாளாம். தகரப் பெட்டியைத் துடைத்து வைத்தாள். துரை சொன்ன நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கடிதம் வந்தது. கண்ணையன் எழுதியதில்லை. நடேசன் எழுதியிருந்தான். கண்ணையனுக்கு விஷக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது, ஆண்டவனை வேண்டிக்கொள்ளுங்கள் என்று இருந்தது.

செங்கமலம் அழவில்லை. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

அவள் என்ன நினைக்கிறாள் என்று அப்பாவுக்கு உடனே புரிந்தது. "தங்கச்சி, இங்க பாரு. அங்கேருந்து கடுதாசி கப்பல்ல வந்து சேர எத்தினி நாளாவுது? நீ கொல்லையில வாயத் தொறந்தது போன வாரம். அதுக்கு முன்னாடியே அவனுக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. நீ சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார்.

"சொல்லணும்னு அதுக்கு முன்னாடியே நெனச்சேன் இல்ல அண்ணே? தொரை முன்னாடி நின்னப்பவே சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன் இல்ல?"

இந்தப் பேச்சுக்கு எதிராக எந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவது? அப்பா கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

துரை சொன்ன நாளில் அவள் புதுச்சேரிக்குப் போகவில்லை. ஈரப்புடவையோடு மாரியம்மன் கோயிலைச் சுற்றினாள். உயிர் பிழைத்தால் போதும், அந்தப் பெயரை நான் நினைப்பிலும் தொடமாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். காசம்மாளும் கூடவே சுற்றினாள்.

கண்ணையன் பிழைத்துக்கொண்டான். அவன் கைப்பட எழுதிய கடிதம் வந்தபோது செங்கமலத்தின் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் சந்தோஷப்பட்ட முகத்தை அதற்குப் பிறகு நான் அவளிடம் பார்க்கவில்லை. தன் புருஷனைத் தானே காப்பாற்றிவிட்டதாக அவள் நம்பினாள். அவளிடமிருந்து அதைப் பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை.

அந்தக் கடிதத்தில் கண்ணையன் தெளிவாக எழுதியிருந்தான். பெயரைச் சொன்னால் தனக்கு ஒன்றும் ஆகாது, தானே சொல்கிறேன், சொல்லிவிட்டு வா. வருஷ முடிவுக்குள் மனைவி வராவிட்டால் அறையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்பா இதை இரண்டு முறை படித்தார். செங்கமலம், "அவருக்கு அவரு உசுரு பெருசா தெரியல. எனக்குத் தெரியுது" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்னு எழுதுங்க அண்ணே." அப்பா எழுதினார். அதற்கு வந்த பதில் சுருக்கமாக இருந்தது. அதற்கடுத்தது இன்னும் சுருக்கம். பிறகு பொங்கலுக்கு ஒன்று என்று ஆனது. அப்புறம் சண்டை வந்து கப்பலே நின்றுபோனது. சைகோனை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான் என்றார்கள். கடிதம் அறவே இல்லை.

அந்த வருஷங்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று நீட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. களை பறித்தாள், சோகை உரித்தாள், நாற்று நட்டாள். காசம்மாள் படுக்கையில் விழுந்தபோது மலமூத்திரம் அள்ளினாள். காசம்மாள் சாகும்போது மகன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிய மருமகள் "அத்த, வந்துடுவாரு, வந்துடுவாரு" என்றுதான் சொன்னாள்.

சண்டை முடிந்த மறுவருஷம் நடேசன் குருவிநத்தத்துக்குத் திரும்பி வந்தான். வந்து பல நாள் கழித்துத்தான் சேலியமேட்டுப் பக்கம் தலைகாட்டினான். வாசலில் குந்திக்கொண்டு, ஊர்க்கதையெல்லாம் பேசினான். அப்பாவும் இருந்தார்.

"அவரு எப்பிடி இருக்காரு?" என்று செங்கமலம்தான் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கான்."

"சண்டையில ஒண்ணும் ஆவலியே?"

"ஒண்ணும் ஆவல. கல்லு மாதிரி இருக்கான்."

அவள் மேலே பார்த்துக் கும்பிட்டாள். நடேசன் அதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு, மீதியையும் கொட்டிவிட்டான்.

"தங்கச்சி, அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அப்ப ஆஸ்பத்திரி வாசல்ல கஞ்சி விக்கிற பொம்பள ஒண்ணு இருந்துச்சு. அந்த ஊருப் பொண்ணு. அதுதான் இவனப் பாத்துக்கிச்சு. நீ வருவ வருவன்னு பாத்தான். வருஷ முடிவுல அறையப் புடுங்கப் போறேன்னாங்க. அந்தப் பொண்ணக் கொண்டாந்து வெச்சுக்கினான். இப்ப ரெண்டு புள்ளைங்க."

நடேசன் தலையை நிமிர்த்தாமலே தொடர்ந்தான்.

"அறைக்குப் பதிஞ்சது ஒம் பேருதானே. அத மாத்தல. ஆளு வந்து கேட்டா அது செங்கமலம்னுதான் சொல்லும். அங்க யாரு மூஞ்சியப் பாக்கறான்?"

"புருஷன் பேரு கேட்டா?" என்றாள் செங்கமலம்.

நடேசனுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியவில்லை. "அதுக்கின்னா? பளிச்சுனு கண்ணையன்னு சொல்லும். தெருவுலயே பேரு சொல்லித்தான் கூப்புடும். அவங்க வழக்கம் அப்பிடி" என்றான்.

என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அடுத்தவள் காகிதத்தில் வேறு ஒருத்தி நுழைந்துவிடக் கூடாது என்றுதானே அந்தத் துரை அன்றைக்கு அத்தனை கவனமாக இருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்போது அரிசிக்குக் கார்டு நடைமுறையில் இருந்தது. நடேசன் வந்துபோன சில நாளில் புதுக் கார்டு எழுத ஊருக்கு ஒரு குமாஸ்தா வந்து, பள்ளிக்கூடத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார். தெருவே வரிசையில் நின்றது. நானும் நின்றேன். எனக்கு முன்னால் சின்னபொண்ணு, அவளுக்கு முன்னால் செங்கமலம். பெண்கள் முறை வரும்போது புருஷன் பெயரைப் பக்கத்தில் நிற்பவர்கள் எடுத்துச் சொல்வதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். குமாஸ்தா உள்ளூர் ஆள் என்பதால் அதை ஏற்றுக்கொள்வார்.

"புருஷன் பேரு?" என்றார் குமாஸ்தா. சின்னபொண்ணு சொல்வதற்காக வாயைத் திறந்தாள்.

"கண்ணையன்" என்றாள் செங்கமலம்.

குமாஸ்தாவுக்கு அது சாதாரணப் பெயர். எழுதிக்கொண்டார். வரிசைதான் அடங்கிப்போனது. எங்கள் ஊரில் ஒருத்தி புருஷன் பெயரைச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அவன் உயிரோடு இல்லை. சின்னபொண்ணு "ஐயோ!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "எப்படீ தகவல் வந்துச்சு? பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். செங்கமலத்தின் கழுத்தில் தாலி அப்படியே இருந்தது.

"எதுக்கு அழுவுற? நல்லாத்தான் இருக்காரு" என்றாள் செங்கமலம். பிறகு குமாஸ்தா பக்கம் திரும்பி, "எழுதிட்டீங்களா? கண்ணையன்" என்று இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

"ஆளு ஊருல இருக்காரா? கார்டுல சேக்கணுமா?"

"வேணாங்க. எனக்கு மட்டும் போடுங்க."

அதன் பிறகு அவள் தபால்காரரைக் கவனிக்க ஆரம்பித்தாள். பல வருஷமாகக் கடிதமே வராத வீட்டில், தினமும் அவர் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பாள். ஆசையோடு நிற்கிறாள் என்று சின்னபொண்ணு நினைத்தாள். அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு நடேசனுக்குச் சைகோனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டு வந்து என் அப்பாவிடம் கொடுத்தான். அப்பா மத்தியானம் வண்டியை நிறுத்திவிட்டு, செங்கமலத்தைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். கண்ணையன் எல்லோரையும் விசாரித்திருந்தான். சம்பள வேலையை விட்டுவிட்டுத் தானே ஒரு சின்னக் கடை வைத்திருப்பதாகவும், கடை பரவாயில்லை என்றும், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்றும் எழுதியிருந்தான். கடைசி வரியை அப்பா படிக்காமல் விட்டார். அவளும் கேட்கவில்லை.

"போன வருஷம் காய்ச்சல் கீய்ச்சல் ஏதாவது வந்துச்சுன்னு எழுதியிருக்காரா?" என்றாள்.

"இல்ல தங்கச்சி."

"தலைவலிகூட இல்லியா?"

"அப்பிடி ஒண்ணும் எழுதல."

செங்கமலம் கொஞ்ச நேரம் வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல அண்ணே?" என்றாள்.

அப்பா கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார்.